மூடாத எட்டாவது மூலை

எட்டுப் பலகைகளையும் நிமிர்த்தி வைத்து, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து, வெளிப்பக்கம் டேப் ஒட்டிக்கொண்டே வட்டமாக வந்தேன். ஏழு மூலைகள் ஒழுங்காகச் சேர்ந்தன. எட்டாவது மூலை சேரவில்லை. மேலே ஒரு விரல் நுழையும் அளவு இடைவெளி. கீழே குனிந்து பார்த்தால் இரண்டு விரல்கள் தாராளமாகப் போய்வந்தன.

கயிறு போட்டு முறுக்கினேன். வாய் மூடியது. ஆனால் எட்டு மூலைகளிலும் வெளிப்பக்கம் மயிரிழை போலப் பிளவு ஓடியது. கயிற்றைத் தளர்த்தியதும் பலகைகள் முனகிக்கொண்டே பழைய இடத்துக்குப் போய்விட்டன.

தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே வெளியே யாரோ குடையை உதறும் சத்தம்.

"என்னா அந்தோனி, முடிஞ்சிருச்சா?"

உபதேசியார் சவரிமுத்து. எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலுக்கு ஃபாதர் மாதத்தில் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் சொல்வது, மணி அடிப்பது, பூட்டுத் திறப்பது எல்லாம் இவர்தான். நான் பக்கத்தில் கிடந்த கொழுந்துச் சாக்கை இழுத்துப் பலகைகளின் மேல் போர்த்தினேன்.

"பசை காயுதுங்க. இப்ப தொறந்தா கெட்டுப்போயிரும்."

"அப்ப வேணாம், வேணாம். நீ மெஷின் பாஸ், ஒனக்குத் தெரியாததா? திருநாளுக்கு இன்னும் மூணு வாரந்தான் இருக்கு, பாத்துக்க."

அவர் போய்விட்டார். மெஷின் பாஸ் என்றால் எங்கள் தோட்டத்தில் மெஷினில் மரவேலை செய்கிற தச்சர். பசைப் போத்தலின் மூடியை நான் இன்னும் திறக்கவே இல்லை.

பிளாஸ்டிக் கதிரையில் ஞானஸ்நானம்

எங்கள் கோயிலின் ஞானஸ்நானத் தொட்டி சீமெந்துத் தூணின் மேல் வைத்த ஒரு பித்தளைக் கிண்ணம். வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருக்கிற கோயில் அது. வருசத்தில் பாதி நாள் பனிமூட்டம் கதவு வழியே உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். அந்த ஈரத்தில் தூண் பொரிந்து பொரிந்து ஒருநாள் சரிந்துவிட்டது.

அதன் பிறகு கிண்ணம் ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரையில் ஏறியது. கதிரையின் மேல் வெள்ளைத் துணி போட்டிருந்தாலும் கால் நான்கும் தெரியும். ஒரு ஞானஸ்நானத்தில் கதிரை வழுக்கி, தண்ணீரெல்லாம் ஃபாதரின் சப்பாத்துக்குள் போனது. குழந்தை அழவில்லை. ஞானத்தாய்தான் அழுதாள்.

அடுத்த காற்று மழையில் கோயில் முற்றத்தில் நின்ற, செண்பக வகையான சப்பு மரம் விழுந்தது. விழுந்த மரத்தை உபதேசியார் விடவில்லை. அறுப்பித்து, பலகையாக்கி, பாடகர் நிற்கிற மேல்தட்டில் ஒரு வருசத்துக்கு மேல் காயப் போட்டார். அந்தப் பலகைகளைத் தோளில் சுமந்து மேலே ஏற்றியது மூன்று லயங்களின், அதாவது மூன்று வரிசை வீடுகளின், ஆம்பிளைகள். பழைய தூணின் அடியில் எட்டு மூலை இருந்ததால் இந்தப் பலகைகளில் செய்யும் புதிய தூணும் எட்டு மூலையாகவே இருக்க வேண்டும் என்று கோயில் கூட்டத்தில் தீர்மானம். வரப்போகும் திருநாளில் ஐந்து பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் என்பதும் தீர்மானம்.

"நமக்குத்தான் கட்டார்ல வேல பாத்த மெஷின் பாஸ் இருக்காரே" என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் கை தட்டியது. நானும் எழுந்து நின்று கும்பிட்டேன்.

கட்டாரில் நான் பார்த்த வேலை

இந்தத் தொடரில் கட்டாரைப் பற்றி இரண்டு வாரம் எழுதியிருக்கிறேன். வெயிலைப் பற்றி எழுதினேன், ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்ததைப் பற்றி எழுதினேன். அங்கே என்ன வேலை பார்த்தேன் என்பதை மட்டும் மெல்லத் தாண்டிப் போனேன். வாசகர்கள் யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

கூட்டினேன்.

பெரிய ஹோட்டல்களுக்கு அலுமாரி, கதவு செய்கிற மரப் பட்டறை அது. மரத்தூளைக் கூட்டுவது, தூசிப் பைகளைக் கழற்றிக் கொட்டுவது, வெட்டி விழுந்த துண்டுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோவது. ஆறு வருசம் அதுதான்.

போன முதல் மாதம் என் மனைவி ஸ்டெல்லா போனில் கேட்டாள்: "என்னா வேல குடுத்திருக்காங்க?"

"மெஷின்லதான்" என்றேன். மெஷினுக்கு அடியில்தான் கூட்டினேன். அதனால் அது பொய்யில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒரு படம் வந்து சேர்ந்தது. தங்கச்சன் என்று ஒரு கேரளத்துத் தச்சர். ஏப்ரனை இறுக்கிக் கட்டுவதற்காக ஒரு நிமிசம் மரம் அறுக்கும் தன் மின்சார வாளை என் கையில் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவன் போனில் படம் எடுத்தான். நான் அதை வீட்டுக்கு அனுப்பினேன். ஸ்டெல்லா அதைத் தன் போனின் முகப்புப் படமாக வைத்தாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில், கிளினிக்கில், கோயிலில் எல்லாரும் பார்த்தார்கள். நான் ஊர் திரும்புவதற்குள் என் பேர் மெஷின் பாஸ் ஆகிவிட்டது.

அந்தப் பட்டறை மூடப்பட்டபோது பழைய சாமான்களைத் தொழிலாளிகளுக்கே விற்றார்கள். நான் தங்கச்சன் பிடித்திருந்த அதே வகை வாள் ஒன்றையும் அதன் தண்டவாளத்தையும் வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று அப்போது யோசிக்கவில்லை. சொன்ன பொய்க்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

கோச்சி வாள்

தண்டவாளம் என்றால் ஏறக்குறைய ஒரு சாண் அகலத்தில் நீளமான அலுமினியப் பட்டை. அதைப் பலகையின் மேல் கிடத்தி, அதன் மேட்டில் வாளை ஏற்றித் தள்ளினால் வாள் இடம் வலம் விலகாது. கோடு போட்ட மாதிரி வெட்டும். விமான நிலையத்தில் பெட்சீட் சுற்றிய அந்த நீளப் பொதியைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது என்ன என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். எனக்கு வாய்க்கு வந்தது "ரேல் பார", அதாவது ரயில் பாதை என்பதுதான். அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

வீட்டில் ஸ்டெல்லா அதற்குக் கோச்சி வாள், அதாவது ரயில் வாள் என்று பேர் வைத்தாள். ரயில் பாதைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கு வேறு என்ன பேர் வரும்?

நேர் வெட்டுக்கு அந்த வாள் என்னைக் காப்பாற்றியது. தட்டு, சுவரில் மாட்டும் ராக்கை, குசினி அலுமாரிக் கதவு எல்லாம் நேர் வெட்டுத்தான். இரண்டு வருசம் அப்படியே ஓட்டினேன். ஆனால் எட்டு மூலைக்கு வாளைச் சாய்க்க வேண்டும். பலகையின் இரண்டு ஓரங்களும் இருபத்திரண்டரை பாகை சரிவில் இறங்க வேண்டும். அப்போதுதான் இரண்டு பலகைகள் சேரும் இடம் ஒரு மூலையாகும். வாளின் பக்கத்தில் பாகை அளவு பொறித்திருந்தது. முள்ளை இருபத்திரண்டரைக்கு நேரே வைத்து, திருகை இறுக்கி, பதினாறு ஓரங்களையும் ஒரே காலையில் வெட்டித் தள்ளினேன்.

மிச்சம்தான் மேலே சொன்னேனே. எட்டாவது மூலை வாயைத் திறந்தது.

"அங்க இப்படி வந்தா?"

உபதேசியார் போன கொஞ்ச நேரத்தில் ஸ்டெல்லா பிளேன்டீ கொண்டுவந்தாள். சாக்கை விலக்கிப் பார்த்தாள்.

"இது என்னா, தொறந்துகிட்டு நிக்குது?"

"மரத்துல ஈரம். காஞ்சா சரியாகும்."

"ஒரு வருசமா காஞ்ச மரங்க இது."

"அப்ப புட்டி வச்சு மூடிருவேன். மரத்தூளும் பசையும் கொழச்சு அடைச்சு, பொலிஷ் போட்டா தெரியாது."

"தண்ணி ஊத்துற எடத்துல புட்டி எத்தன நாளைக்கு நிக்கும்?" அவள் விரலை இடைவெளிக்குள் விட்டு எடுத்தாள். "கட்டார்ல இப்படி வந்தா என்னா செய்வீங்க?"

அவள் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நம்பித்தான் கேட்டாள். அதனால்தான் அதற்குமேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"தெரியாது ஸ்டெல்லா. நா அங்க ஒரு பலக கூட வெட்டல. கூட்டுற வேலதான் பாத்தேன்."

மழை கொஞ்சம் அடங்கியிருந்தது. அவள் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"அந்தப் படம்?"

"அது தங்கச்சனோட வாள்."

"நா ஊரெல்லாம் காட்டுனேனே" என்றாள். சத்தம் போடவில்லை. "கூட்டுறேன்னு சொல்லியிருந்தா நா என்னா கொறஞ்சா போயிருப்பேன்? இப்பத்தான் கொறஞ்சு போயிட்டேன்."

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சோறு வந்தது, தேத்தண்ணி வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. அந்த இரண்டு நாளும் நான் பட்டறையில் உட்கார்ந்து எட்டாவது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் ஓரத்தை மட்டும் சீவி எடுத்தால் என்ன, ஒரு ஆப்பு வைத்தால் என்ன என்று அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது புத்தி.

எட்டுத் துண்டுப் பாவாடை

மூன்றாம் நாள் மத்தியானம், கொழுந்து எடுத்துவிட்டு வந்த காலோடு ஸ்டெல்லா பட்டறைக்குள் வந்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டேப்பைப் பிரித்து, பலகைகளை இரண்டு இரண்டாகச் சேர்த்துப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் கொழும்புப் பக்கம் ஒரு கார்மெண்டில் ஏழு வருசம் இருந்தவள் அவள். கடைசியில் தைத்த உடுப்புகளைச் சோதித்து அனுப்புகிற மேசையில் நின்றவள். ஒரு பலகையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்த விதத்தில் அந்த மேசை தெரிந்தது.

"கடைசி மூலையவே ஏன் பாத்துகிட்டு இருக்கீங்க? தப்பு அங்க இல்ல."

"அங்கதானே தொறந்திருக்கு?"

"தொறந்தது அங்க. தப்பு எல்லாத்துலயும் இருக்கு. எட்டுத் துண்டு வச்சுப் பாவாடை தைப்போம். ஒவ்வொரு தையல்லயும் ஒரு நூல் அளவு விட்டாப் போதும், இடுப்புப் பட்டி வைக்கிறப்ப ஒரு இஞ்சி காணாமப் போயிரும். சூப்பவைசர் கடைசித் துண்டு தச்ச புள்ளயப் புடிச்சு ஏசுவாரு. அவ என்னா செய்வா, பாவம்."

நான் பென்சிலை எடுத்தேன். பதினாறு ஓரம். ஒவ்வொன்றிலும் அரைப் பாகை குறைந்தால் மொத்தம் எட்டுப் பாகை. அரைப் பாகை கண்ணுக்கே தெரியாது. எட்டுப் பாகை இரண்டு விரல்.

"முள்ளு சரியாத்தான் நின்னுச்சு" என்றேன்.

"முள்ளு பொய் சொல்லியிருக்கும்" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். பார்வையில் கோபம் இன்னும் மிச்சம் இருந்தது. "சாம்பிள் போட்டீங்களா?"

"இல்ல."

"சாம்பிள் போடாம யாருங்க கட்டிங் போடுவா?"

பழைய பெட்டிப் பலகையில் ஒரு நீளத் துண்டை எடுத்தேன். இரண்டு ஓரங்களையும் சாய்த்து வெட்டி, அதைக் குறுக்கே எட்டுச் சிறு துண்டுகளாக்கினேன். ஸ்டெல்லா அவற்றை வரிசையாகப் பரப்பி, முதுகில் டேப் ஒட்டி, பாய் சுருட்டுவது போலச் சுருட்டினாள். உள்ளங்கை அளவில் ஒரு வளையம். அதுவும் வாய் திறந்தது. சாய்வைக் கொஞ்சம் கூட்டி இன்னொன்று. இந்த முறை உட்பக்கம் பிளந்தது. கூட்டியது அதிகம். மூன்றாவதும் சரியில்லை.

நான்காவதைச் சுருட்டி யன்னலுக்கு நேரே பிடித்தாள். எட்டு மூலைகளில் ஒன்றிலும் வெளிச்சம் வரவில்லை. வாளில் முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்தேன். இருபத்துமூன்றுக்குப் பக்கத்தில் நின்றது. ஸ்டெல்லா காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரைப் பாகை அளவின் மேல் ஒட்டி, முள்ளுக்கு நேரே பேனையால் ஒரு கோடு இழுத்தாள்.

"இனிமே இந்தக் கோடுதான். கம்பெனி போட்டத நம்பாதீங்க."

இன்னொரு தப்பையும் அவள்தான் பிடித்தாள். மேலே ஒரு விரல், கீழே இரண்டு விரல் என்று இடைவெளி ஏன் மாறியது? வாளைத் தண்டவாளத்தில் ஏற்றி, மெஷினைப் போடாமல் சும்மா தள்ளச் சொன்னாள். தண்டவாளத்தின் பின் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரிக்குது."

சாய்த்த வாளின் தலை வெளிப்பக்கம் கனக்கிறது. என் பலகையின் அகலம் தண்டவாளத்தின் அகலத்தைவிட ஒரு நூல்தான் கூட. வாள் போகப் போகத் தண்டவாளம் பின்னால் மெல்ல எழும்பி, வெட்டின் சாய்வு மாறிவிடுகிறது. பின்பக்கம் அதே தடிப்பில் இன்னொரு பலகையைச் சேர்த்து வைத்து, தண்டவாளத்தின் இரண்டு முனைகளையும் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். மறுபடி தள்ளினேன். அவள் விரல் அசையவில்லை.

ஒரே ஒரு தடவை

பலகை ஒவ்வொன்றும் ஏழரை இஞ்சி அகலம். இரண்டு ஓரங்களையும் மறுபடி வெட்டினால் ஏழேகால் ஆகும். அந்த அளவில் பித்தளைக் கிண்ணம் உள்ளே அரை இஞ்சி இடைவெளியோடு உட்காரும். அதற்குமேல் ஒரு வெட்டு என்றால் கிண்ணம் இறங்காது. கோயில் முற்றத்தில் இன்னொரு சப்பு மரமும் இல்லை.

மறுநாள் வெயில் அடித்தது. வாள் அலகில் அப்பியிருந்த பிசினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். ஸ்டெல்லா ஒவ்வொரு பலகையையும் கோட்டில் வைத்துச் சரி சொன்ன பிறகுதான் நான் சுவிட்சைத் தொட்டேன். முதல் தடவை ஒரே காலையில் பதினாறு ஓரம் வெட்டியவன், இப்போது மத்தியானம் வரைக்கும் பத்துத்தான் வெட்டியிருந்தேன்.

பதினோராவது ஓரத்தில், பலகையின் நடுவில் போய்க்கொண்டிருக்கும்போது கரண்ட் மங்கியது. வாளின் சத்தம் இறங்கியது. கருகல் வாடை வந்தது. என் கை தானாக வாளைத் தூக்கப் போனது.

"தூக்காதீங்க! சுவிட்ச மட்டும் விடுங்க. கை அப்படியே இருக்கட்டும்."

விட்டேன். வாள் நின்றது. நான் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். ஸ்டெல்லா தண்டவாளத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே வட்டகொடையில் கோச்சி வந்து நின்று, ஆட்கள் ஏறி, ஊதிவிட்டுப் போனது. எங்கள் இரண்டு பேர் மூச்சும் கேட்டது. பல்ப் பழையபடி வெளிச்சமானதும் வாளை ஒரு நூல் பின்னால் இழுத்து, சுவிட்சைப் போட்டு, மறுபடி தள்ளினேன். அந்த இடத்தில் பழுப்பாக ஒரு கீற்று மட்டும் விழுந்தது. மூட்டுக்குள் மறைந்து போகிற இடம்.

கடைசி இரண்டு பலகைகள் மிச்சமிருந்தபோது வாளைக் கீழே வைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்தும் அதை எடுக்கவில்லை.

"தள்ளி நில்லுங்க" என்றாள்.

"நீயா?"

"காலையில இருந்து பாத்துகிட்டுத்தானே இருக்கேன். நீங்க கோட்டப் பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். என்னைவிட மெதுவாகத் தள்ளினாள். துணிக்கு மேல் இஸ்திரிப் பெட்டி போகிற மாதிரி வாள் போனது. நான்கு ஓரங்களையும் அவளே முடித்தாள்.

பிறகு டேப், பிறகு பசை, பிறகு கயிறு. சுருட்டி மூடும்போது நான் எட்டாவது மூலையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கட்டைவிரல் நகத்தை மூலையின் குறுக்கே இழுத்தாள். மேலே, நடுவில், கீழே.

"நகம் மாட்டல" என்றாள். அந்த ஐந்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

திருநாள் காலை

ஐந்து பிள்ளைகளில் மூன்றாவது, ஒரு கொழுத்த பெண் குழந்தை, கிண்ணத்துத் தண்ணீரைக் காலால் அடித்து வெளியே இறைத்தது. எட்டுப் பக்கமும் தண்ணீர் வழிந்தது. ஃபாதர் பூசையைத் தொடர்ந்தார். தொட்டி அசையவில்லை.

பூசை முடிந்து முற்றத்தில் தேத்தண்ணியும் பணிஸ் என்கிற பன்னும் கொடுத்தார்கள். பெண்கள் மேசைப் பக்கம் நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லாவும் அங்கே நின்றாள். உபதேசியார் ஃபாதரை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இவருதாங்க ஃபாதர். கட்டார்ல ஆறு வருசம் மெஷின் பாஸ்."

"நல்ல வேலை. அங்கதான் பழகினீங்களா?" என்று ஃபாதர் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லப் பழகிய வாய்தான். ஸ்டெல்லா கேத்தலைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"இல்ல ஃபாதர். இங்கதான், இந்த மாசந்தான் பழகினேன். கட்டார்ல நா கூட்டுற வேல பாத்தேன்."

உபதேசியார் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார். சுற்றி நின்றவர்கள் பணிஸைக் கடித்தபடி பார்த்தார்கள். 

மேசைப் பக்கம் இருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினாள்.

"ஆமாங்க, அங்க கூட்டுனாரு. இங்கதான் பாஸ் ஆனாரு. நானுந்தான் ஆனேன். அந்த எட்டுப் பலகையில ரெண்டு நா வெட்டுனது. எதுன்னு கண்டுபுடிங்க பாப்போம்."

முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு அவளே கோப்பையோடு கோயிலுக்குள் போனாள். அவள் பின்னால் இன்னும் நாலு பேர். உபதேசியார் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் தொட்டியைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். இதுதான் என்றார்கள், இல்லை அதுதான் என்றார்கள். விரலால் தடவினார்கள், தட்டிப் பார்த்தார்கள். உபதேசியார் முழங்கால் போட்டுத் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.